வென்றவன் அடுக்கிய ஆவணங்கள்: மாரி அரசன் ஸிம்ரி-லிம்

அமோரிய அரசர் என்றதும் பாபிலோனின் ஹம்முராபியே நம் நினைவுக்கு வருகிறான். ஆயினும் ஓர் அமோரிய அரசனின் அன்றாட ஆட்சியை அறிய விரும்புவோர், அவனால் வீழ்த்தப்பட்ட ஸிம்ரி-லிமிடமே செல்ல வேண்டும்.

யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில், இன்றைய சிரியாவின் தெல் ஹரீரியில் அமைந்திருந்தது மாரி நகர். 1933-இல் ஆந்த்ரே பாரோ அங்கு அகழாய்வைத் தொடங்கினார். ஏறத்தாழ முந்நூறு அறைகள் கொண்ட அரண்மனையும், இருபதாயிரம் அளவிலான களிமண் பலகைகளும் அங்கிருந்து வெளிப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஸிம்ரி-லிம் காலத்தவை.

ஷம்ஷி-அதாத் இறந்தபின், அவன் மகன் யஸ்மா-அதாதை அகற்றி, பொ.ஆ.மு. 1775 அளவில் ஸிம்ரி-லிம் அரியணை ஏறினான். அலெப்போவைத் தலைநகராகக் கொண்ட யாம்ஹத் அரசன் யாரிம்-லிமின் மகள் ஷிப்துவை மணந்தான். அரசன் போர்முனையில் இருந்தபோது அரண்மனை அலுவல்களையும் தெய்வக் குறிகளையும் அவனுக்கு எழுதி அனுப்பியவள் அவளே. எந்த அரசனும் தனித்து வலிமையுடையவன் அல்லன். ஒவ்வொருவன் பின்னும் பத்து முதல் இருபது வரை சிற்றரசர் செல்கின்றனர் என்று ஓர் அதிகாரியின் கடிதம் குறிப்பிடுகிறது. அக்கால அரசியலை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

மொழியியல் மாணவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. இக்கடிதங்கள் பெரும்பாலும் அக்காதிய மொழியில் உள்ளன. அரசகுலத்தின் அமோரிய மொழி நமக்குப் பெரிதும் ஆட்பெயர்கள் வழியாகவே கிடைக்கிறது. யாரிம், யஸ்மா முதலிய வினையடிப் பெயர்களில் வரும் ‘ய’ என்னும் படர்க்கை முன்னொட்டு, அக்காதியத்தில் ‘இ’ என நிற்கும். இத்தகைய சிறு தடயங்களைக் கொண்டே அம்மொழியின் இலக்கணம் நெடுங்காலம் மீட்டுருவாக்கப்பட்டது. அண்மையில் ஆண்ட்ரூ ஜார்ஜும் மான்பிரெட் கிரெபெர்னிக்கும் வெளியிட்ட இருமொழிப் பலகைகள் இரண்டும் இந்நிலையை மாற்றத் தொடங்கியுள்ளன.

ஸிம்ரி-லிமும் ஹம்முராபியும் படையுதவி பரிமாறிக்கொண்ட நட்பரசர்கள். எனினும் பொ.ஆ.மு. 1761 அளவில் பாபிலோனியப் படை மாரியைக் கைப்பற்றியது. ஈராண்டுகளில் மதில்கள் இடிக்கப்பட்டன. அதன்பின் ஸிம்ரி-லிமைப் பற்றி ஆவணங்கள் மௌனம் காக்கின்றன. ஹம்முராபியோ, தன் சட்டத்தொகுப்பின் முன்னுரையில் மாரி மக்களுக்கு இரங்கியவனாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறான்.

இவ்விரு செய்திகளுக்கும் இடையே ஆவணக்காப்பகத்தின் கதை உள்ளது. அரண்மனையை அழிக்குமுன் பாபிலோனிய எழுத்தர்கள் பலகைகளை வகைபிரித்துக் கூடைகளில் இட்டனர். அவர்கள் கட்டிய சீட்டுகளில் ஹம்முராபியின் 32-ஆம் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டுள்ளது. பேரரசர்கள் எழுதிய கடிதங்கள் அங்கு மிகக் குறைவாகவே கிடைத்துள்ளமையால், முதன்மையானவை பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன என ஆய்வாளர் கருதுகின்றனர்.

ஆகவே மாரி ஆவணங்களின் முதல் வாசகர்கள் நாமல்லர், வென்றவனின் எழுத்தர்களே. ஸிம்ரி-லிமின் வெளியுறவைப் பற்றி முடிவுரைக்குமுன், அவர்கள் எடுத்துச் சென்றவை எவை, விட்டுச் சென்றவை எவை என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.