பழஞ்சீலையின் வரலாறு

பள்ளி விடுமுறையில் சில நாட்களை நிலாவெளியில் கழித்தோம். திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவிலுள்ள அக்கரை, உல்லாசப் பயணிகளுக்கு வெண்மணலும் நீலக்கடலும் மட்டுமே. அங்கு வாழும் மக்களுக்கோ அது கரைவலையும் உப்பளமும். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும், 2009 வரை நீண்ட போரும் விட்டுச்சென்ற ஆறாத நினைவுகளும்.

ஒரு நாள் முற்பகல், மீன்வாடியின் ஓரத்தில் ஆடவர் வலை பொத்திக்கொண்டிருந்தனர். சற்று அப்பால் மரநிழலில் பாய் விரித்து மூன்று பெண்கள் அமர்ந்திருந்தனர். பழைய நூற்சேலைகளை மடித்து அடுக்கி, மூலைக்கு ஒருவராக இருந்து தைத்துக்கொண்டிருந்தனர். பிறக்கவிருக்கும் பேரப்பிள்ளைக்கான விரிப்பு அது. “புதுத்துணியில் தைக்கக் கூடாதா, ஆச்சி?” என்று மூத்தவரிடம் வினவினோம். “புதுச் சீலை பச்சைப் பிள்ளைக்கு உரஞ்சும், மக்கள், பழசுதான் பஞ்சு மாதிரி” என்றார் அவர்.

வலை பொத்தியவரைத் தொழிலாளி என்று நாடு கணக்கிடுகின்றது. சீலை தைத்த பெண்ணின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அத்தகைய உழைப்புக்கும் வரலாறு உண்டா என்ற கேள்வி அன்று நமக்குள் எழுந்தது. விடையை நாம் கண்டது ஈழக்கரையில் அன்று, கங்கைச் சமவெளியில்.

பீகார் மாநிலத்துக் கிராமங்களில் ‘சுஜனி’ என்னும் விரிப்பு நெடுங்காலமாகத் தைக்கப்பட்டு வருகின்றது. ஆச்சி சொன்ன அதே காரணத்தால், பச்சைக் குழந்தையின் மேனிக்கு இதமாக இருக்கும் பழஞ்சேலைகளையே அடுக்கித் தைத்தனர். கந்தலுக்கென்று ‘சிதிரியா மா’ என ஒரு தாய்த்தெய்வமும் அவர்களுக்கு உண்டு. தைத்த பெண்களின் பெயரோ எந்த ஏட்டிலும் பதியவில்லை.

1988ஆம் ஆண்டு இக்கலைக்கு ஒரு திருப்பம் நேர்ந்தது. விஜி ஸ்ரீனிவாசன் என்னும் பெண்மணி நிறுவிய ‘அதிதி’ அமைப்பின் துணையோடு, முசாபர்பூர் மாவட்டத்துப் புசுரா கிராமப் பெண்கள் சங்கமாகத் திரண்டு சுஜனி தைக்கத் தொடங்கினர். முக்காட்டுக்குள்ளும் முற்றத்துக்குள்ளும் அடங்கியிருந்தவர்கள் ஓரிடத்தில் கூடினர். கூடிய இடத்தில் பேச்சுப் பிறந்தது. வரதட்சிணை, குடித்துவிட்டு அடிக்கும் கணவன், பெண்சிசுக் கொலை, மறுக்கப்பட்ட கல்வி என்று தனித்தனி வீடுகளில் தலைவிதியாகத் தோன்றியவை, எல்லார் வீட்டிலும் நிகழ்பவை என்று தெரிந்தபோது சமூகக் கொடுமைகளாகத் தெரிந்தன.

அவற்றை அப்பெண்கள் துணியில் எழுதினர். உருவங்களின் வரைகோடு கறுப்பு நூலில் சங்கிலித் தையல். வெளியை நிரப்புவது துணியின் நிறத்திலேயே நெருக்கமான ஓட்டுத் தையல். பேரம் பேசும் மாப்பிள்ளை வீட்டார் ஒருபுறமிருக்க, மறுபுறத்தில் பெண் பள்ளிக்கூடம் செல்கிறாள். எழுத்தறியாதவருங்கூடத் தம் காலத்தின் சாட்சியத்தை இவ்வாறு பதித்துவைத்தனர். சுஜனி 2006இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்கலையை வளர்த்த நிர்மலா தேவிக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் நகரத்துக் கடையில் ஒரு விரிப்பு விற்கும் விலையில், பல நாள் குனிந்து தைத்தவளின் கைக்கு எவ்வளவு செல்கின்றது என்பதே உழைப்பை மதிப்போர் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு ஒரு விடையைக் கடல்கடந்த இன்னொரு நாட்டின் ஏழைப் பெண்கள் செயலிற் காட்டினர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் என்னும் பருத்தி விளையும் மாவட்டம். அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்களான கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலையுடைகளைக் கிழித்து ஒட்டுப்போர்வை தைத்துக் குளிரை வென்றவர்கள். கறுப்பினத்தவரே பெரும்பான்மையாயிருந்தும் 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களுள் ஒருவர் பெயர்கூட அம்மாவட்டத்து வாக்காளர் பட்டியலில் இல்லை. ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் மக்கள் ஆற்றைக் கடந்து நகருக்குச் செல்ல உதவிய படகுச் சேவை, உரிமை கேட்கத் தொடங்கிய 1962இல் நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடியது 2006இல்தான்! வாக்குரிமை கோரியவர்கள் குடியிருந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்டனர்.

அந்நிலையில், 1966 மார்ச்சில் அப்பெண்கள் ‘விடுதலைப் போர்வையாளர் கூட்டுறவு’ என்று பெயர் சொல்லத்தக்க ஒரு சங்கத்தை அமைத்தனர். போர்வைகள் நியூயார்க்கில் விலைபோயின. ஈட்டிய பணத்தில் அவர்கள் செய்தது என்ன? 23 ஏக்கர் நிலம் வாங்கினர். சொந்தத் தையற்கூடம் எழுப்பினர். உரிமை கேட்டதற்காக வீடிழந்த குடும்பங்களுக்கு அந்நிலத்தில் மனைகள் விற்றனர். கந்தல் துணி காணியாயிற்று. அக்கூட்டுறவு 2012இல் முடிவுக்கு வந்தபோதும், அது பெற்றுத்தந்த நிலமும் நிமிர்வும் அழியவில்லை.

ஊசி தானாக விடுதலை தருவதில்லை. நூற்றாண்டுகளாகப் பெண்ணின் கையில் ஊசி இருந்தது, அடுப்பங்கரையும் இருந்தது. கூடியிருந்து பேசியதும், உழைப்பின் பயனைத் தமதாக்கிக்கொண்டதுமே புசுராவிலும் அலபாமாவிலும் மாற்றத்தை விளைவித்தன. நமது தீவுக்கும் இது புதிதன்று. கனடாவிற் பிறந்து, தமிழரொருவரை மணந்து இங்கு பணியாற்றிய மருத்துவர் மேரி இரத்தினம், 1930இலேயே லங்கா மகிளா சமிதியைத் தொடங்கிக் கிராமப் பெண்களை ஒன்றுகூட்டினார். அடுத்த ஆண்டிலேயே இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமையும் கிட்டிற்று. அதற்காக வாதிட்டோருள் அவரும் ஒருவர்.

ஆழிப்பேரலைக்குப் பின்னும் போருக்குப் பின்னும், துயருற்ற பெண்களுக்குத் தையற்பொறி வழங்கிப் படம் எடுத்துக்கொண்டோர் நம் நாட்டிற் பலர். பொறி வீட்டின் மூலையில் தனித்து நின்றது. அதனருகே பெண்ணும் தனித்து இருந்தாள். நூலுக்கும் சந்தைக்கும் வழியென்ன, அவளோடு கூடிப் பேச யாருண்டு என்று கேட்டவர் சிலரே.

ஊர் திரும்பும் நாளில் அந்த மரநிழலுக்கு மீண்டும் சென்றோம். விரிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. அரிசி விலையில் தொடங்கிய பேச்சு, போரிற் காணாமற்போன ஒரு மகனிடம் வந்து நின்றது. மூன்று ஊசிகளும் சற்று நேரம் ஓய்ந்தன. பின்னர் ஆச்சியே முதலில் தைக்கத் தொடங்கினார்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! மன்னர்களின் ஆண்டுகளை நாம் மனனம் செய்தது போதும். உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கும் பழஞ்சீலை விரிப்பை எடுத்துப் பாருங்கள். யார் தைத்தார், யாருடன் இருந்து தைத்தார், அப்போது என்ன பேசினார்கள் என்று முதியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.