மன்னார் வளைகுடா பவளப்பாறைகள் – வெட்டிய காலமும் நடும் காலமும்

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை கரையோரமாக 21 தீவுகள் இருந்தன. இன்று கண்ணுக்குத் தெரிபவை 19 தான். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அவை மூழ்கியதற்கு முக்கியக் காரணம், அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை மனிதர்கள் வெட்டி எடுத்ததுதான்.

பவளப்பாறை என்பது வெறும் கல் அல்ல. மிகச் சிறிய கடல் உயிரிகள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சுண்ணாம்புக் கூடுகள் பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்து உருவானது. அலையின் வேகத்தைக் குறைத்துத் தீவைக் காப்பதும், மீன்களுக்கு வீடாக இருப்பதும் இதுதான். ஆனால் அந்தச் சுண்ணாம்பே அதற்கு எமனாகவும் ஆனது.

தூத்துக்குடி பகுதியில் பல ஆண்டுகளாக ஆட்கள் வள்ளங்களில் சென்று, கடப்பாரையால் பாறைகளைப் பெயர்த்து வந்தனர். சுண்ணாம்புக் காளவாய்களுக்கும், தொழிற்சாலைகளுக்கும், வீடு கட்டவும் அவை பயன்பட்டன. 1986-ம் ஆண்டு இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அப்போதும் வெட்டு நிற்கவில்லை. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் சேர்க்கப்பட்டன. 2004 சுனாமிக்குப் பின், 2005 வாக்கில்தான் இது ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

வெட்டு நின்றாலும் பாறை தானாகத் திரும்பவில்லை. பவளத்தின் குஞ்சு ஒட்டி வளரக் கெட்டியான தளம் வேண்டும். வெட்டிய இடங்களிலோ மணலும் உடைந்த துண்டுகளும்தான் மிஞ்சின. எனவே தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத்தை நட்டு வளர்க்கத் தொடங்கியது. ஆரோக்கியமான பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமெண்ட் பலகைகளில் கட்டி, கடலடியில் வைக்கிறார்கள். தோட்டத்தில் கிளையை ஒடித்து நடுவது போன்ற வேலைதான் இது. மான்கொம்பு போலக் கிளைவிடும் பவளங்கள் வேகமாக வளரும். உருண்டையான பவளங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். வான் தீவு கரைந்து போகாமல் இருக்க, 2015-க்குப் பின் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளும் இறக்கப்பட்டன.

கடப்பாரை போனது, வெப்பம் வந்தது. கோடையில் கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சூடாகிப் பல வாரங்கள் நீடித்தால், பவளம் தனக்கு உணவு தரும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். சூடு தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இவ்வாறு கடுமையாக வெளுத்தது. உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

நட்ட பவளமும் இதற்குத் தப்பாது. அமெரிக்காவின் புளோரிடாவில் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த பவள நாற்றங்கால்கள் 2023 கோடை வெப்பத்தில் பெரும் சேதம் அடைந்தன. பல பவளங்களைக் கரைக்குக் கொண்டுவந்து தொட்டிகளில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதனால் சூடு தாங்கும் பவளங்களைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யும் ஆய்வுகள் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நடக்கின்றன.

கடப்பாரையால் வந்த அழிவைப் பவள வளர்ப்பு ஓரளவு சரிசெய்யும். வெப்பத்தால் வரும் அழிவுக்கு அது அவகாசம் மட்டுமே வாங்கித் தரும். கடல் சூடாவதைக் குறைக்காமல் நட்டுக்கொண்டே போனால், நட்டதையே திரும்பத் திரும்ப நட வேண்டிவரும். மூழ்கிய இரண்டு தீவுகளை இனி மீட்க வழியில்லை. மிச்சமுள்ள 19-ஐக் காப்பதற்குத்தான் இந்த அவகாசம்.