குல்மார்க்: ஒரு பனிச்சரிவின் வரலாறு

இமயம் தமிழ் இலக்கியத்துக்கு அந்நியமானதன்று. சங்கப் புலவர் அதனை வடவெல்லையாகக் கொண்டனர். சேர மன்னன் ஒருவன் இமயவரம்பன் என்றே பெயர் பெற்றான். ஆயின் அது சொல்லளவில் நின்ற இமயம். கீரிமலை என்னும் ஊர்ப்பெயரிலன்றி வேறெங்கும் மலையைக் காணாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நமக்குப் பனியென்பது மார்கழி விடியலில் பனையோலையிற் சொட்டும் ஈரமேயாகும். அப்பனி ஆளுயரத்துக்கு மேற் குவிந்து கிடக்க, காலிற் பலகை கட்டி அதன்மேற் சறுக்கி இறங்குவோரை நம்பி வாழும் சிற்றூரொன்றின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அவ்வரலாற்றில் நாம் நன்கறிந்த சில செய்திகள் உள என்பதைப் படிப்போர் தாமே காண்பர்.

குல்மார்க் காசுமீரத்தின் பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில், பீர்பஞ்சால் மலைத்தொடரின் சரிவில் அமைந்த ஒரு புல்வெளி. அதன் உயரம் ஏறக்குறைய 2,650 மீற்றர். இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலவின் உயரம் 2,524 மீற்றர் என்பதை நினைவிற் கொண்டால், நமது நாட்டின் உச்சி அப்புல்வெளியின் தரைமட்டத்தையும் எட்டாதென்பது புலனாகும். புல்வெளிக்கு மேலே அபர்வாட் என்னும் மலைமுகடு 4,000 மீற்றருக்கும் அதிகமாக எழுந்து நிற்கின்றது. தென்மேற்குப் பருவமழையை பீர்பஞ்சால் பெருமளவு தடுத்துவிடுகின்றது. இங்கே பொழியும் பனி, குளிர்காலத்தில் மத்தியதரைக்கடற் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்துவரும் காற்றுக் குழப்பங்கள் தருவது. வடகீழ்ப் பருவக்காற்றை எதிர்பார்த்து வயல் விதைக்கும் நம்மவரைப் போலவே, அவ்வூரவரும் ஆண்டின் சில வாரங்களில் வானம் என்ன செய்கின்றது என்பதைக் கொண்டே ஆண்டு முழுவதையும் கணிக்கின்றனர்.

ஐரோப்பியப் பனிச்சறுக்கு ஊர்களில், சரிவுகளை இயந்திரங்களால் அமுக்கிச் சமப்படுத்தி, கொடி நாட்டி எல்லை வகுத்து, தடங்களாக்கி வைப்பர். சறுக்குவோரிற் பெரும்பாலார் அத்தடங்களுக்குள்ளேயே இறங்குவர். குல்மார்க்கின் புகழ் இதற்கு நேர்மாறானது. மேல்மலையில் வகுத்த தடங்கள் மிகச் சில. எஞ்சியவை யாவும் விழுந்தபடியே கிடக்கும் பனி. அதில் தன் வழியைத் தானே தேர்ந்து இறங்கும் தடம் விலகிய சறுக்கலுக்காகவே வெளிநாட்டார் அங்கு வருகின்றனர். இது இயற்கையின் கொடையென விளம்பர ஏடுகள் கூறும். அது பாதியுண்மையே. மலையும் பனியும் இயற்கை தந்தவை. மலை செப்பனிடப்படாது கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் அரசியல் வரலாறு என்பதே என் கருத்து.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட யூசுப் ஷா சக் என்னும் மன்னனே, கௌரிமார்க் என வழங்கிய இவ்விடத்துக்கு மலர்வெளி என்னும் பொருள்படக் குல்மார்க் எனப் பெயரிட்டான் என்பர். முகலாயப் பேரரசன் ஜஹாங்கீர் இங்கு இருபத்தொரு வகைப் பூக்களைத் திரட்டினான் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படுவது. மன்னர்கள் கண்டது கோடையிற் பூத்த குல்மார்க்கை மட்டுமே. கோடையில் மந்தைகளோடு மேலேறிக் குளிர் தொடங்கக் கீழிறங்கும் இடையருக்கும் அது கோடை நிலமாகவே இருந்தது.

1846ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி காசுமீரம் 75 இலட்சம் ரூபாவுக்கு டோக்ரா அரசன் குலாப் சிங்கின் கைக்கு மாறியது. டோக்ரா ஆட்சியில் ஐரோப்பியர் அங்கு நிலம் வாங்க இயலவில்லை. ஸ்ரீநகரில் அவர்கள் படகு வீடுகளைப் பற்றிக்கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணம். குல்மார்க்கிலோ மரக்குடில்கள் அமைத்துக் கோடையைக் கழித்தனர். விடுதியும் கோல்ஃப் திடலும் தோன்றின. 1902இல் தூய மரியாள் தேவாலயம் எழுந்தது. நுவரெலியாவைக் கண்டோருக்கு இக்காட்சி புதிதாயிராது: ஆங்கிலேயர் தம் நாட்டின் ஒரு துண்டை மலையுச்சியில் நட்டுவைக்கும் அதே வழக்கம். 1927இல் படை அதிகாரிகள் இருவர் முன்னின்று இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தை அங்கு நிறுவினர். கிறித்துமசு, உயிர்த்த ஞாயிறு ஆகிய விழாக்காலங்களிற் போட்டிகள் நடைபெற்றன. அக்காலத்தில் மலையேற்றும் பொறி எதுவும் இல்லை. காலால் ஏறிய பின்னரே சறுக்கி இறங்கலாம். மூட்டைகளைச் சுமந்தவர்களோ உள்ளூர்க் கூலியாட்கள்.

1947 ஒக்டோபரில் பழங்குடிப் படையினர் மேற்கிலிருந்து பாரமுல்லாவுக்குட் புகுந்தபோது குல்மார்க்கும் தப்பவில்லை. அப்படையெடுப்புத் திட்டத்தின் மறைபெயரே குல்மார்க் என இந்திய வரலாற்றாசிரியர் சிலர் எழுதுவர். 1949 சனவரியிற் போர் நிறுத்தம் வந்தபோது, விடுமுறைக் குடில்கள் நின்ற இடம் எல்லைக்கோட்டுக்கு அண்மையதாகிவிட்டது. 1948இலேயே தளபதி திம்மையா தமது பிரிவுக்கென அங்கொரு பனிச்சறுக்குப் பள்ளியைத் தொடக்கியிருந்தார். அதுவே 1962இல் உயர்மலைப் போர்ப் பள்ளியாக வளர்ந்தது. ஆகவே, விடுதலைக்குப் பின் அம்மலையிற் சறுக்கும் கலையை முறையாகப் பயின்ற முதல் இந்தியர் படைவீரரே எனலாம். உல்லாச விடுதியும் படைமுகாமும் ஒரே நிலத்தில் அருகருகே நிற்பதன் பொருளைக் காங்கேசன்துறைப் பக்கம் போய்வந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

பொதுமக்களுக்கான முயற்சி 1960களில் தொடங்கிற்று. இந்தியச் சுற்றுலாத் துறை ஒஸ்திரிய வல்லுநர் ருடொல்ப் மாட் என்பவரை அழைத்து இடந்தேடச் செய்தது. அவர் குல்மார்க்கைத் தெரிந்தார். 1960களின் இறுதியில் பனிச்சறுக்கும் மலையேற்றமும் கற்பிக்கும் நிறுவனம் அங்கு அமைந்தது. 1980களின் நடுப்பகுதியில் சுவிஸ் நாட்டுச் சறுக்குவீரர் சில்வன் சோடான் ஹெலிகொப்டரில் உச்சிக்குச் சென்று சறுக்கி இறங்கும் முறையைக் கொணர்ந்தார். 1988இல் கல்கரியில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் குல் முஸ்தபா தேவ் என்னும் காசுமீரத்தவர் பங்குகொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சு நிறுவனமாகிய பொமகால்ஸ்கி, மலையுச்சிக்குக் கம்பிவடத் தொங்கூர்தி அமைக்கும் பணியைத் தொடங்கியது.

பின்னர் 1990 வந்தது. காசுமீரத்தில் ஆயுதக் கிளர்ச்சி மூண்டு பரவ, பொறியியலாளர் வெளியேறினர்; வேலை நின்றது. அதே ஆண்டு யூன் மாதத்திலேதான் யாழ்தேவி நின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. இரண்டு நிலங்களின் போர்களும் வெவ்வேறு காரணங்களைக் கொண்டவை. அவற்றை ஒன்றாக்கிப் பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. எனினும் பாதியில் நின்ற இரும்பு எத்தகையது என்பதை இரு நிலத்தாரும் அறிவர். குல்மார்க்கின் தொங்கூர்தியில் முதற்கட்டம், கொங்டோரி வரை, 1998இலேயே ஓடத் தொடங்கியது. இரண்டாங் கட்டம் 2005இல் நிறைவுற்று, பயணியரை ஏறத்தாழ 3,980 மீற்றர் உயரத்துக்குக் கொண்டு சென்றது. (யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி மீண்டது 2014இல்.)

இங்கேதான் முன்னர்க் கூறிய கருத்து வலுப்பெறுகின்றது. வேறு நாடுகளில் இத்துணை உயரத்துக்குப் பொறியமைத்தோர் அதனைச் சுற்றிப் பல தூக்கிகளையும் தடங்களையும் விடுதித் தெருக்களையும் எழுப்பியிருப்பர். குல்மார்க்கிலோ முதலீடு வரவேண்டிய பதினைந்து ஆண்டுகள் போரில் கழிந்தன. எஞ்சியது, செப்பனிடாத பெருமலை ஒன்றின் உச்சிக்கு நேரே ஏறும் ஒற்றைக் கம்பிவடம். 2005க்குப் பின்னர் உலகின் தடம் விலகிய சறுக்குவோர் அங்கு திரண்டமைக்கு இவ்வமைப்பே காரணம். உச்சியிலிருந்து கிண்ணம் போன்ற வெண்பள்ளங்களிலே பாய்ந்து, தேவதாரு முதலிய மரக்காடுகளை ஊடறுத்து, தங்மார்க் வரையோ பாபா ரேஷி என்னும் சூபி ஞானியின் அடக்கத்தலம் வரையோ இறங்கி, அங்கிருந்து வண்டியேறித் திரும்புவர். போர் தடுத்த வளர்ச்சியே பின்னாளில் அவ்வூரின் விற்பனைப் பொருளாயிற்று.

அதன் விலையும் உண்டு. காவற்குழுவினர் கண்காணிக்கும் பரப்பு மலையின் ஒரு பகுதியே. 2010 பெப்ரவரியில் கிலன்மார்க்கிற் பயிற்சியிலிருந்த படைவீரர் 17 பேரைப் பனிச்சரிவு கொன்றது. 2023 பெப்ரவரி முதலாந் திகதி அபர்வாட்டில் போலந்து நாட்டார் இருவர் புதையுண்டு இறந்தனர். உடன் சென்ற 19 வெளிநாட்டவரும் உள்ளூர் வழிகாட்டிகளும் மீட்கப்பட்டனர். அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் உருசியர் ஒருவர் மாண்டார். 2017 யூனில் மரம் முறிந்து தொங்கூர்தியைத் தாக்கியதில் இறந்த எழுவரில் நால்வர் தில்லிக் குடும்பத்தினர். மூவர் உள்ளூர் வழிகாட்டிகள். வெளிநாட்டவர் இறப்புக்கே உலகச் செய்தித்தாள்கள் இடமளிக்கின்றன. முன்னே நடந்து பனியின் உறுதியைக் காலால் அறிந்து சொல்பவர் தங்மார்க்கின் ஊர்களிற் பிறந்தவர் என்பது அச்செய்திகளில் ஓரமாகவே வரும். பாதையும் எப்போதும் அமைதியாயிருந்ததில்லை: 2018 மே மாதத்திற் பெற்றோருடன் சுற்றுலா வந்த சென்னை இளைஞர் ஒருவர் நார்பல் என்னுமிடத்திற் கல்வீச்சில் உயிரிழந்தார். 2019 ஓகஸ்டில், காசுமீரத்தின் சிறப்புரிமை நீக்கப்படுமுன், பயணியரெல்லாம் வெளியேறுமாறு அரசு பணித்தது. மரச் சறுக்குவண்டி இழுப்போர்க்கும் மட்டக்குதிரை வைத்திருப்போர்க்கும் இத்தகைய ஆணை ஒவ்வொன்றும் ஒரு பஞ்சம்.

செப்பனிடாத மலை விளையாட்டு வீரரை உருவாக்குவதிலும் இடர் உண்டு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகச் சென்ற ஆரிப் கான் தங்மார்க்கைச் சேர்ந்தவர். பெரு வளைவுச் சறுக்குப் போட்டியில் 45ஆம் இடம் பெற்றார். வளைவுச் சறுக்குக்கான தகுதியை அவர் ஈட்டியது பாலைநிலமாகிய துபாயில்.

அண்மைக் குளிர்காலங்களில் வானமே மாறி நிற்கின்றது. 2024 சனவரியில் குல்மார்க்கின் புல்வெளி பனியின்றி மண்ணிறமாய்க் கிடந்தது. பதிவு செய்திருந்தோர் பலர் வாராதொழிந்தனர். 2020 முதல் அங்கு நடைபெற்றுவரும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை 2025 பெப்ரவரியிற் குறித்திருந்தனர். பனி போதாமையால் அவற்றை ஒத்திவைத்து, மார்ச் 9 முதல் 12 வரை நடாத்தி முடித்தனர்.