அங்கொனோக்கா ஆமை

அங்கொனோக்கா, மடகாஸ்கர் தீவின் வடமேற்குக் கரையில் பாலி விரிகுடாவைச் சுற்றியுள்ள மூங்கில் புதர்க்காடுகளில் மட்டுமே வாழும் நில ஆமை. அறிவியல் பெயர் அஸ்ட்ரோகெலிஸ் இனிஃபோரா. உயர்ந்து வளைந்த, பொன்னிறம் கலந்த பழுப்பு ஓடு உடையது. தொண்டைக்குக் கீழே அடியோட்டின் முனை கலப்பைக் கொழுபோல முன்னே நீண்டிருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஆமைகள் இந்த முனையை எதிரிக்கு அடியில் செலுத்தி நெம்பிக் கவிழ்க்கப் பார்க்கும். பருவமடையவே 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு பெண் ஆமையை இழந்தால் அந்த இடம் விரைவில் நிரம்புவதில்லை.

பிரெஞ்சு விலங்கியலாளர் லியோன் வையான் 1885-இல் இதை முதன்முதலாக விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் இதைப் பற்றிய செய்தி அரிதாகவே இருந்தது. அந்தக் கரையில் வாழும் சகலாவா மக்கள் மரபாக இதை உண்பதில்லை. கோழிகளுக்கு நோய் வராது என்ற நம்பிக்கையில் சிலர் வீட்டில் வளர்த்தார்கள், அவ்வளவே. மாட்டு மேய்ச்சலுக்காக மூட்டிய தீயும், முட்டைகளைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளும்தான் அப்போது கண்ட பெரிய கேடுகள்.

1975-இல் இந்த ஆமையின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. இயற்கையியலாளர் ஜெரால்டு டரல் நிறுவிய காப்பு அறக்கட்டளை, 1986-இல் மடகாஸ்கர் அரசுடன் இணைந்து ஆம்பிஜொரோவாவில் இனப்பெருக்க நிலையத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே குஞ்சுகள் பொரிந்தன. சுற்றியிருந்த கிராமத்தார் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டிப் பராமரித்தார்கள். இந்த ஆமையைக் காக்கவே 1997-இல் பாலி விரிகுடா தேசியப் பூங்கா அமைந்தது. நிலையத்தில் பிறந்த இளம் ஆமைகள் பின்னர் காட்டில் விடப்பட்டன. வளர்ப்புத் திட்டம் என்ற அளவில் இது முழு வெற்றி.

அந்த வெற்றியைக் குலைத்தது திருட்டு. 1996-இல் ஒரே இரவில் நிலையத்திலிருந்து 70-க்கும் மேற்பட்ட ஆமைகள் களவுபோயின. அவற்றில் ஒரு பகுதி பின்னர் நெதர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆமை அரிதாக ஆக, அதற்குச் செல்லப்பிராணிச் சந்தையில் விலை ஏறியது. விலை ஏற ஏற, காட்டில் வேட்டை பெருகியது. 2009-இல் மடகாஸ்கரில் எழுந்த அரசியல் நெருக்கடி காவலைத் தளர்த்தியது. 2013-இல் பாங்காக் விமான நிலையத்தில் பிடிபட்ட ஒரே பயணச் சுமையில் 54 அங்கொனோக்காக்கள் இருந்தன. காட்டில் எஞ்சியிருந்ததே சில நூறுதான் என்பதால், அந்தப் பெட்டி இந்த இனத்தின் ஒரு கணிசமான பங்கையே சுமந்திருந்தது.

வாங்குபவரின் ஆசையைத் தணிக்கக் காப்பாளர்கள் கடைசியில் எடுத்த வழி, ஓட்டிலேயே பெரிய எழுத்தும் எண்ணும் பொறிப்பது. அழகுக்காக வாங்கப்படும் ஓடு வடுப்பட்டால் விலை விழும், திருட்டுச் சரக்கு என்பதும் உடனே தெரிந்துவிடும். ஆமைக்கு இது அழகு சேர்க்காதுதான். ஆனாலும் செய்யத்தக்க செயல். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008 முதல் இந்த இனத்தை மிக அருகிய நிலையில் வைத்திருக்கிறது. காட்டில் இன்று மிகச் சிலவே உள்ளன. இனம் அறுந்துபோகாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காப்பிடத்து ஆமைகளே காரணம்.