கோச்சியும் கப்பலும்

கண்டி வீதியிலே கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டியதும் டோசன் கோபுரம் கண்ணிற் படும். அவ்வூர்ப் புகையிரத நிலையத்தை அணித்தாக இலங்கைப் புகையிரதப் பகுதியின் தேசிய நூதனசாலை அமைந்துளது. 2009 ஆம் ஆண்டிற் கொழும்பிலே தொடங்கப்பெற்ற இந்நூதனசாலை, இலங்கைப் புகையிரதத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2014 டிசெம்பர் 27 ஆம் நாள் இவ்விடத்துக்கு மாற்றப்பெற்றது. 1864 ஆம் ஆண்டு அதே நாளிலேதான் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் வண்டி ஓடியது.

இளைஞர்கள் உல்லாசப் பிரயாணம் என்று கண்டிக்குச் செல்லும்போது இங்கும் ஒரு மணி நேரம் தங்கிவரலாம். நம் பெரியோர் புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்பர். ‘கரிக்கோச்சி’ என்று அவர்கள் சொல்வதன் பொருள், நீராவி இயந்திரமொன்றின் அடுப்புவாயருகே நின்று பார்த்தாலன்றி இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. இயந்திரங்களைப் பார்த்த பின் ‘ரபிளற்’ என்னும் சிறு கருவியையும் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாவண்ணம் காப்பது அதுவே. கருவியிலிருந்து எடுத்த வட்டத் தகட்டைச் சாரதியின் கையிற் கொடுத்தாலன்றி வண்டி அடுத்த நிலையத்துக்குப் புறப்படலாகாது. அத்தகடு மறுநிலையத்துக் கருவியில் இடப்படும்வரை இன்னொன்று வெளிவராது. இத்துணை எளிய ஏற்பாட்டினால் எத்தனை ஆயிரம் உயிர்கள் காக்கப்பட்டன! நமது மதவாச்சி - தலைமன்னார்ப் பாதையும் ஒற்றைப் பாதையே என்பதை நினைவிற் கொள்க.

ஓடாது நின்றுவிட்ட வண்டியை உலகம் விரைவில் மறந்துவிடுகிறது. 1899 முதல் கொழும்புத் தெருக்களில் மின்சாரத்தால் ஓடிய டிராம் வண்டி 1960 இல் நின்றது. சென்னையில் 1895 இல் தொடங்கியது 1953 இலேயே நின்றுவிட்டது. இன்று அவற்றின் மணியோசையை அறிந்தவர் மிகச் சிலரே. ஆகவே பழைய வண்டிகளைப் பேணுவது நற்பணியே. ஆயினும் நூதனசாலை எதுவாயினும் வண்டியைக் காட்டுமேயன்றி அதில் ஏறி வந்தவரைக் காட்டாது. மன்னார்க் கரையிற் பிறந்த நாம் அவர்களைப் பற்றியே கேட்டறிய வேண்டும்.

மலைநாட்டுக்குப் பாதை போட்டது எதற்காக? கோப்பிக்காக. தோட்டங்களில் விளைந்த கோப்பியை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொழும்புக்கு இறக்குவது பெருஞ் செலவாயிருந்தது. துரைமார் விடாது கேட்டனர். மலையைக் குடைந்து 1867 இல் கண்டிவரை பாதை போடப்பட்டது. கடுகண்ணாவை ஏற்றத்திலே முன்னே ஓர் இயந்திரம் இழுக்கப் பின்னே இன்னொன்று தள்ளும். கோப்பி மூட்டைக்குக் கிடைத்த இச்சவாரி, கோப்பியை நட்டவர்க்குக் கிடைத்ததோ?

தென்னிந்தியக் கரையிலிருந்து தோணிகளில் வந்த கூலியாட்கள் எமது கரையிலேதான் இறங்கினர். இங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் காலால் நடந்தனர். பெண்டிரும் பிள்ளைகளும் உடன் நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் தண்ணீரின்றியும் வழியில் மாண்டவர் தொகை பெரிது. பிற்காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வரும் வழி பெருகவே இக்காட்டுவழி கைவிடப்பட்டது. எமது கரைக்குப் புகையிரதம் வந்ததோ 1914 இல். கண்டிக்குப் பாதை போட்டு நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன!

1914 பெப்ரவரி 24 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு ‘போட் மெயில்’ புதுவழியில் ஓடலாயிற்று. சென்னை எழும்பூரில் ஒரு ரிக்கெற் வாங்கினால் கொழும்புக் கோட்டைவரை வரலாம். தனுஷ்கோடியில் வண்டியை விட்டிறங்கி, கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்னும் கப்பல்களில் ஒன்றேறி ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து, தலைமன்னார்த் துறையில் மறுவண்டி ஏறுவர். இர்வின், கோஷன் என்னும் கப்பல்கள் பின்னர் வந்தன. இராமர் அணைத் திட்டுகளின்மேற் பாலமிட்டு வண்டியையே நேராக விடலாமென்ற யோசனையும் இருந்ததுதான். விட்டிருந்தாலும் ஒரே வண்டி ஓடியிராது: அக்கரைப் பாதை மீற்றர் அகலம், இக்கரைப் பாதை ஐந்தடி ஆறங்குலம்!

சுவாமி விவேகானந்தர் 1897 சனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து பாம்பனுக்குக் கப்பலிலேதான் சென்றார். அதன்பின் பதினேழு ஆண்டுகளில் இராமேசுவர யாத்திரை ஈழத்தவர்க்கு எளிதாயிற்று. வியாபாரிகளும் மாணாக்கரும் நாடகக் குழுவினரும் இவ்வழியே வந்தனர், போயினர். தோட்டத்துக்குச் செல்வோர் மட்டும் மண்டபம் முகாமிலே தங்கி, சோதனைக்குட்பட்டே கப்பலேற வேண்டியிருந்தது.

1964 ஆம் ஆண்டு இப்பாதைக்கு இருமுறை இடி விழுந்த ஆண்டு. அக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவரென முடிவாயிற்று. டிசெம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து அங்கு சென்ற வண்டியை நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடல் கொண்டது. எமது கரையையும் அப்புயல் விட்டுவைக்கவில்லை. பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடிற்று. மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தவர்கள் அக்கப்பலேறவே தலைமன்னாருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் வந்த வண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. பாட்டன் நடந்த வழியே பேரன் கோச்சியில் திருப்பி அனுப்பப்பட்டான். கடுகண்ணாவையில் மெருகேற்றி நிறுத்தியுள்ள பெட்டிகளைக் காணும்போது இது நினைவுக்கு வராமற் போகாது.

நம்மூர் வீடுகளின் பெட்டகங்களிலே பழைய ரிக்கெற் துண்டுகளும் கப்பற் சீட்டுகளும் இருத்தல் கூடும். துறையிலே மூட்டை சுமந்தவர், கடை வைத்திருந்தவர் மக்களும் உளர். சங்கத்து இளைஞர் அவர்களைக் கேட்டு எழுதி வைப்பாராயின், அவ்வேடு எந்த இயந்திரத்துக்கும் குறைந்ததன்று.

யுத்தங் காரணமாக 1984 இல் கப்பல் நின்றது. 1990 இல் கோச்சியும் நின்றது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலமும் அவ்வாண்டிலே தகர்ந்தது. கால் நூற்றாண்டு பேசாலையில் கோச்சிச் சத்தம் கேட்கவில்லை. இந்தியக் கடனுதவியோடு பாதை மீண்டும் போடப்பட்டு 2013 இல் மடு றோட்வரையும், 2015 மார்ச் 14 இல் தலைமன்னார்த் துறைவரையும் திறக்கப்பட்டது. அன்று முருங்கன், திருக்கேதீச்சரம், மன்னார், பேசாலை என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து வண்டி துறைக்கு வந்து நின்றது. பழைய இறங்குதுறை கடலுக்குள் இடிந்து கிடந்தது. வெளிச்சவீடு பக்கத்தில் நின்றது. ஏறிக்கொள்ளக் கப்பல் இருக்கவில்லை.