ஐம்பதில் நிமிரும் உள்ளம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று சொல்லியே நடுவயதினரின் உள்ள வளர்ச்சியில் நாம் நம்பிக்கை இழந்துவிடுகிறோம். உளச்சிகிச்சையின் வரலாறும் இத்தகைய ஐயத்தோடுதான் தொடங்கியது. 1904 டிசம்பரில் வியன்னா மருத்துவர்கள் முன் உரையாற்றிய சிக்மண்ட் ஃபிராய்டு, ஐம்பதை நெருங்கியோரின் உள்ளம் நெகிழ்வை இழந்துவிடுவதால் தம் சிகிச்சை அவர்களுக்குப் பெரும்பாலும் பயன்தராது எனக் கருதினார். அப்போது அவருக்கே வயது 48! பின்னாளில் கார்ல் யுங், வாழ்வின் பிற்பகுதிக்கும் அதற்கே உரிய வளர்ச்சி உண்டென வாதிட்டார்.

அவ்வாதத்திற்கு வலுச்சேர்த்தோருள் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் என்ரைட் ஒருவர். மன்னித்தலை உளச்சிகிச்சையின் குறிக்கோளாக்கிய அவர், 1993-இல் ஜான் ஹெபிலுடன் இணைந்து, முதிய பெண்கள் 24 பேரிடையே நடத்திய ஆய்வை வெளியிட்டார். 2004-இல் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 24 நற்பண்பு ஆற்றல்களை வகைப்படுத்தியபோது, மன்னித்தலும் அவற்றுள் இடம்பெற்றது.

2006-இல் கெயில் ரீடும் என்ரைட்டும் வெளியிட்ட ஆய்வு நம்மை ஆழ்ந்து சிந்திக்க வைக்கிறது. அதில் பங்கேற்ற பெண்கள் 20 பேர். சராசரி வயது ஏறத்தாழ 45. அனைவரும் கணவராலோ துணைவராலோ சொல்லாலும் செயலாலும் உள்ளம் நொறுக்கப்பட்டவர்கள். பிரிந்து ஈராண்டுகளேனும் ஆனவர்கள். ஒரு பிரிவினர் மன்னிப்புவழிச் சிகிச்சையும், மறுபிரிவினர் சினத்தை ஏற்று உரிமையைத் துணிந்து பேசும் பயிற்சியும் பெற்றனர். ஏறத்தாழ எட்டு மாதங்கள் வாரந்தோறும் சந்திப்பு நடந்தது. மனச்சோர்வும் பதற்றமும் தணிவதிலும், தன்மதிப்பு உயர்வதிலும் முதற்பிரிவினரே மிகுதியாக முன்னேறினர்.

அச்சிகிச்சையின் படிகளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில், அடக்கிவைத்த சினமும் அவமானமும் வெளிக்கொணரப்படுகின்றன. அடுத்து, மன்னிப்பதா என்பதை அப்பெண்ணே உரிமையோடு முடிவு செய்கிறாள். அதன்பின்னரே தீங்கிழைத்தவரையும் மனிதராகக் காணும் முயற்சி. இறுதியில், பட்ட துன்பத்தில் பொருள் காணுதல். மன்னித்தல் வேறு, மீண்டும் கூடிவாழ்தல் வேறு என்பது இதன் அடிப்படை. தீங்கை நியாயப்படுத்தவோ, நீதியைக் கைவிடவோ அது கேட்பதில்லை.

அருள்பணியில் உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்துமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிவுறுத்தியது. ஆயினும், கண்ணீரோடு பங்கு இல்லத்தின் கதவைத் தட்டிய தாய்மார்களிடம், "பொறுத்துப் போங்கள் அம்மா, மன்னித்து வீடு திரும்புங்கள்" என்று எத்தனை முறை கூறியிருக்கிறோம்! இறுதிப் படியை முதற்படியாக்கிய பிழை நம்முடையது. மன்னிப்பின் பெயரால் அவர்களை மேலும் வளையச் சொன்னோம்.

இன்று அத்தகைய தாய் ஒருவர் வந்தால், "வீட்டில் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டா, அம்மா?" என்பதே நமது முதற் கேள்வியாகட்டும். அவர் பேசி முடிக்கும்வரை கேட்போம். தேர்ந்த உளநல வல்லுநரிடம் வழிகாட்டுவோம். மன்னிக்கும் வேளையை அவரே அறிவார். ஐம்பதில் வளைய வேண்டியது அவரல்லர். ஐம்பதைக் கடந்தும் பழைய அறிவுரையையே சொல்லிவரும் நாமே.