பழைய பக்கம் ஏன் போக மாட்டேங்குது?

போன வாரம் ஒரு பக்கத்தில் தப்பான வருஷத்தைத் திருத்தினேன். நண்பருக்கு மட்டும் பழசே தெரிந்தது. ரொம்பப் பழைய தொல்லைதான் இது.

1996-இல் வெளியான எச்டிடிபி 1.0-இல் 'எக்ஸ்பயர்ஸ்' இருந்தது. இன்ன தேதி, இன்ன மணி வரை இந்தப் பக்கம் செல்லும் என்று சர்வர் சொல்லிவிடும். அதுவரை பிரவுசர் கையிலிருக்கும் நகலையே காட்டலாம். ஆனால் சர்வர் கடிகாரமும் நம்ம கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒத்துப்போகணுமே! அதில்தான் சிக்கல்.

1997 ஜனவரியில் வந்த 1.1, 'கேஷ்-கன்ட்ரோல்' கொடுத்தது: தேதி வேண்டாம், இத்தனை விநாடி என்றால் போதும். கூடவே 'ஈடேக்' என்ற அடையாளம். அதைக் காட்டி, நகல் இன்னும் சரிதானா என்று சர்வரிடம் கேட்கலாம்.

ஆனால் ஒரு நாள் செல்லும் என்று கொடுத்துவிட்ட நகலைத் திரும்ப வாங்க வழியில்லை. அதனால்தான் இன்றும் ஸ்டைல் கோப்பை மாற்றினால் அதன் பெயரையும் சேர்த்து மாற்றுகிறார்கள். நண்பரை கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்தச் சொன்னேன், வருஷம் மாறியது.